எங்கள் சனிக்கிழமை வட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் சமயத்தைப் பற்றியும் சமய நம்பிக்கை இல்லாமல் வாழ்வதைப் பற்றியும் மனம்விட்டுப் பேச மாணவர்கள் கூடும் ஒரு சிறு வட்டம் இருக்கிறது. வளாகத்தில் படிப்பவர்கள், உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருப்பவர்கள், என்னைப்போல் வேலைக்குப் போய்விட்ட பழைய மாணவர்கள் என்று கலந்து வருவோம். ஆட்களுக்குச் செய்தி அனுப்புவதும் பிளேன்டீக்குக் காசு சேர்ப்பதும் என் தலையில் விழுந்த வேலை. அதனால் கேள்விகளும் என்னிடமே வருகின்றன: ரியூசன் வாசலில், பஸ்ஸில், கல்யாண வீட்டுப் பந்தியில். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைக்கிறேன். கேள்விகளை மட்டும் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

இது சாமி இல்லை எண்டு சொல்ற ஆக்களின்ட கூட்டமா?

இல்லை. அப்படிச் சொல்கிறவர்களும் வருகிறார்கள், நானும் அதில் ஒருவன். ஆனால் வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறவர்கள், ஐந்து வேளை தொழுகிறவர்கள், ஞாயிறு பூசையில் பாட்டுப் பாடுகிறவர்கள் எல்லாரும் வருகிறார்கள். பல நாட்களில் அவர்கள்தான் அதிகம். கடவுள் உண்டா இல்லையா என்று வாக்கெடுப்பு வைப்பதில்லை. "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று ஒருவரை ஒருவர் கோபிக்காமல் கேட்க ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வட்டத்துக்கு இன்னும் பெயர் இல்லை. 'பகுத்தறிவு' என்று போட்டால் கும்பிடுகிறவர்கள் வரமாட்டார்கள், 'ஆன்மீகம்' என்று போட்டால் நான் போகமாட்டேன். நாலு மாதம் சண்டை பிடித்துவிட்டு அந்தப் பேச்சையே விட்டுவிட்டோம்.

நான் சாமி கும்பிடுறனான். வந்தா பகிடி பண்ணுவீங்களோ?

பகிடிக்கு இடமில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் ஒருமுறை நடந்தது. நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்த ஒரு தம்பியைப் பார்த்து இன்னொருவன் "சுவருக்கு வெள்ளை அடிச்சாச்சு" என்றான். அவனை நாங்கள் வெளியே அனுப்பவில்லை. திருநீறு ஏன் பூசுகிறார்கள் என்று விசாரித்து வந்து அடுத்த சனிக்கிழமை அவனே பேச வேண்டும் என்றோம். அம்மம்மாவிடம் கேட்டு வந்து, உடம்பு கடைசியில் ஒரு பிடி சாம்பல் என்பதில் தொடங்கி, பதினைந்து நிமிடம் அருமையாகப் பேசினான். பூசி வந்த தம்பிக்கே அதில் பாதி புதிது.

எங்க, எப்ப, எவ்வளவு காசு?

டச் பே கடற்கரையில், சனிக்கிழமை பின்னேரம் நாலரைக்கு. மழை என்றால் யாராவது ஒருவர் வீட்டு விறாந்தை. வெள்ளி ஜும்மாவுக்கும் கோவிலுக்கும் போகிறது, ஞாயிறு தேவாலயத்துக்கும் அறநெறிப் பாடசாலைக்கும் போகிறது, மிச்சம் சனிதான். மஃரிப் பாங்குக்கு முன் முடித்துவிடுவோம். நோன்பு மாதத்தில் தேநீர் இல்லை, மற்ற மாதங்களில் அதற்கு மட்டும் காசு. கடலைச் சுருளைக் கையில் கவனமாக வைத்திருங்கள், இந்த ஊர் மான்களுக்கு மனிதரைக் கண்டு பயமில்லை.

நாத்திகன், பகுத்தறிவாளன், அறியொணாவாதி... எல்லாம் ஒண்டுதானே?

ஒன்றல்ல. கடவுள் இருப்பதாக நம்பாதவர் நாத்திகர். இருக்கிறாரா இல்லையா என்று மனிதரால் அறிய முடியாது என்பவர் அறியொணாவாதி. பகுத்தறிவாளர் என்பது எதை நம்புகிறார் என்பதைச் சொல்கிற சொல் அல்ல, எப்படி முடிவுக்கு வருகிறார் என்பதைச் சொல்கிற சொல்: ஆதாரத்தையும் தர்க்கத்தையும் பார்த்து. அதனால் கும்பிடுகிற பகுத்தறிவாளரும் இருக்கலாம், ஒன்றையும் யோசிக்காத நாத்திகரும் இருக்கலாம். இரண்டாம் வகையை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

ஒரு சிறு குழப்பம்: பழைய இந்திய வழக்கில் நாத்திகர் என்றால் பெரும்பாலும் வேதத்தை ஏற்காதவர். அந்தக் கணக்கில் பௌத்தரும் சமணரும் நாத்திகர்தான். பழைய நூல்களைக் காட்டி வாதிடுவதற்கு முன் எந்தப் பொருளில் அந்தச் சொல் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இது பெரியார் கட்சியோ? இந்தியாவில இருந்து காசு வருதோ?

காசு வந்தால் வடையும் சேர்த்து வாங்குவோம். பெரியாரைப் படிக்கிறவர்கள் வட்டத்தில் உண்டு. அவர் 1932இல் இலங்கைக்கு வந்து பேசியுமிருக்கிறார். ஆனால் நாங்கள் எந்தக் கட்சியும் இல்லை.

இங்கேயே இதற்கு ஒரு வரலாறு உண்டு. கேரளத்தின் திருவல்லாவில் 1898இல் பிறந்த ஆபிரகாம் கோவூர் 1928இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்தார். ஓய்வு பெற்ற பிறகு இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தை நடத்தினார். மோசடிக்கு இடமில்லாத சூழலில் ஓர் அற்புதத்தைச் செய்து காட்டுகிறவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் என்று 1960களில் சவால் விட்டார். 1978இல் அவர் சாகும்வரை அந்தக் காசை யாரும் வாங்கவில்லை. கோவூரின் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஆனால் எங்கள் வட்டம் சவால் விடுகிற இடமில்லை. ஏன் என்பதை அடுத்த இரண்டு பதில்களில் பார்க்கலாம்.

என்ன சொன்னாலும் உது மேல்நாட்டுப் பழக்கம்தானே? எங்கட ஆக்கள் சாமியைப் பற்றி வாதாடினவையோ?

வாதாடியே பொழுதைக் கழித்தவர்கள் நம்மவர்கள். மணிமேகலையின் 27ஆம் காதையில் அவள் வஞ்சி மாநகரில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் "உன் கொள்கை என்ன?" என்று கேட்கிறாள். அவர்களில் ஒருவன் பூதவாதி. பூவும் வெல்லக்கட்டியும் மற்றவையும் சேர்ந்தால் கள்ளின் வெறி பிறப்பதுபோல், உலகின் மூலப்பொருட்களான பூதங்கள் சேர்ந்தால் உணர்வு பிறக்கிறது, பிரிந்தால் போய்விடுகிறது என்கிறான். மறுபிறவியும் இல்லை என்கிறான். மூளையைப் பற்றி இன்று வளாகத்தில் நடக்கிற விவாதத்துக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

இந்தத் தீவிலும் அப்படித்தான். ஆறுமுக நாவலர் பாதிரி பேர்சிவலோடு இருந்து விவிலியத்தைத் தமிழாக்க உதவினார், பிறகு பாதிரிமாருக்கு எதிராகவே பேனை பிடித்தார். எதிரியின் நூலை வரி வரியாகப் படித்தவர் என்பதால் அவர் வாதத்தில் கூர் இருந்தது. 1873இல் பாணந்துறையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரரும் கிறிஸ்தவ போதகர்களும் ஆயிரக்கணக்கான சனங்களின் முன்னால் இரண்டு நாள் வாதாடினார்கள். முஸ்லிம்களிடம் இல்முல் கலாம் என்று கடவுள் கொள்கையைத் தர்க்கத்தால் ஆராய்கிற ஒரு கலையே இருக்கிறது. இதில் எது மேல்நாட்டுச் சரக்கு?

பரபக்கம் எண்டு ஏதோ விதி வைச்சிருக்கிறீங்களாம். அது என்ன?

எங்களிடம் உள்ள ஒரே உருப்படியான விதி. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாச்சாரியார் தன் கொள்கையை உடனே சொல்வதில்லை. பரபக்கம் என்ற முதற் பகுதியில் மற்றவர்களின் மதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவர்கள் சொல்வதைச் சொல்லிவிட்டுத்தான் மறுக்கிறார். அதிலும் முதல் ஆள் உலகாயதன், அதாவது கண்ணால் காண்பதே மெய், ஆன்மாவும் இல்லை கடவுளும் இல்லை என்பவன். சுபக்கம், அதாவது தன் பக்கம், அதற்குப் பிறகுதான் வருகிறது.

அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். நீங்கள் ஒருவரை மறுக்க வேண்டுமா? முதலில் அவருடைய வாதத்தை நீங்களே சொல்ல வேண்டும். அவர் "ஓம், இதைத்தான் நான் சொன்னனான்" என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் உங்கள் பக்கம். ஒத்துக்கொள்ளாவிட்டால் திரும்பச் சொல்ல வேண்டும். முதல் மாதங்களில் இதனாலேயே ஒரு விவாதமும் முடியவில்லை. எனக்கே மூன்று தரம் தேவைப்பட்டது, கர்மவினை என்பது 'விதிப்படி நடக்கும்' என்பதல்ல என்று ஒரு தங்கச்சி எனக்கு விளங்கவைக்க. இந்த விதியைச் சைவ நூலில் இருந்து எடுத்தோம் என்றதும் எதிர்த்துக்கொண்டிருந்த ஓர் ஆசிரியர் வாயை மூடிக்கொண்டார் என்பது உபரி லாபம்.

அப்ப கோணேசரையும் கன்னியாவையும் கூட ஆராய்வீங்களோ?

ஆராய்வோம், ஆனால் எது வரலாறு, எது ஐதீகம், எது இயற்கை என்று பிரித்துக்கொண்டு. போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோவிலை இடித்ததும் அந்தக் கற்கள் கோட்டைக்குப் போனதும் வரலாறு. 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் கோவில் நிற்கிற சுவாமி மலையடியில் முக்குளித்துக் கோவிலின் சிதைவுகளைப் பார்த்ததும் வரலாறுதான். அந்த மலையில் உள்ள பாறைப் பிளவு இராவணன் வாளால் வெட்டியது என்பது ஐதீகம். ஐதீகத்தைப் பொய் என்று தூக்கி எறியவும் வேண்டாம், வரலாறு என்று பரீட்சையில் எழுதவும் வேண்டாம்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் கதை வேறு: அங்கே இராவணன் தாயின் கிரியைக்காக ஏழு இடத்தில் நிலத்தைக் குத்தினான், வெந்நீர் வந்தது என்பார்கள். இலங்கையில் எரிமலை இல்லை. அப்படியானால் சூடு எங்கிருந்து? மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. ஒரு கிலோமீற்றர் கீழே போனால் பூமி ஏறக்குறைய 25 முதல் 30 பாகை வரை கூடச் சூடாக இருக்கும். அங்கே சூடான நீர் வேறொரு வெடிப்பின் வழியே மேலே வருகிறது. வரும் வழியில் மேல்நிலத்துக் குளிர்நீர் கூடக்குறையக் கலந்தால் பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளிலும் சூடு வித்தியாசப்படும். மகாஓயா வெந்நீரூற்றுக்கும் இதே கதைதான். இரண்டும் இந்தத் தீவின் இரு பெரும் பழம்பாறைத் தொகுதிகள் சந்திக்கிற எல்லையை ஒட்டி வருபவை.

இந்த இடங்களின் காணி யாருக்கு, எந்தச் சமூகத்துக்கு உரிமை என்ற தகராறை மட்டும் வட்டத்துக்குள் எடுப்பதில்லை. அது முக்கியமில்லாத விடயம் அல்ல. ஆனால் அதை எடுத்த அன்று யாரும் பரபக்கம் சொல்லவில்லை, வீட்டுக்குப் போகும்போது மூன்று கூட்டமாகப் பிரிந்து போனோம்.

தீ மிதிக்கிற ஆக்களுக்குச் சுடேல்லையே. அதுக்கு என்ன சொல்லப்போறீங்க?

பாண் போறணை வாசலில் கையை நீட்டினால் உள்ளே இருக்கிற காற்றின் சூட்டைக் கொஞ்ச நேரம் தாங்கலாம். அதே சூட்டில் இருக்கிற தகரத் தட்டைத் தொட்டால் உடனே கொப்பளிக்கும். எவ்வளவு சூடு என்பது மட்டுமல்ல, அந்தச் சூடு எவ்வளவு வேகமாகத் தோலுக்கு வருகிறது என்பதும் கணக்கு. மரக்கரித் தணல் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், மேலே படிந்த சாம்பல் இன்னும் தடுக்கும், பாதம் ஓரிடத்தில் ஒரு விநாடி கூட நிற்பதில்லை. அதனால் பலருக்குச் சுடுவதில்லை. சிலருக்குச் சுட்டும் இருக்கிறது, நின்றால் எல்லாருக்கும் சுடும். தயவுசெய்து வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

இதைச் சொன்ன அன்று, நேர்த்திக்காகத் தீ மிதித்த ஓர் அக்கா கேட்டார்: "தம்பி, நான் சுடாது எண்டு நினைச்சு இறங்கேல்லை. சுட்டாலும் பரவாயில்லை எண்டுதான் இறங்கினனான். அதை உன்ர தணல் கணக்கு சொல்லுமோ?" சொல்லாது. பாதம் ஏன் வெந்துபோகவில்லை என்பதற்கு இயற்பியல் பதில் தரும், அவர் ஏன் இறங்கினார் என்பதற்கு அவர்தான் பதில் தர வேண்டும். இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கி வைத்திருந்தது நான்தான்.

சுனாமி பாவத்துக்குக் கிடைச்ச தண்டனை எண்டு எங்கட ஐயா சொல்றார். நீங்க என்ன சொல்றீங்க?

2004 டிசம்பர் 26 காலையில் சுமாத்திராவுக்கு அருகே கடலடித் தட்டு நழுவி 9.1 அளவில் பூமி அதிர்ந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் அலை நமது கரையில். அன்று போயா, முந்திய நாள் நத்தார். கிண்ணியா, மூதூர், நிலாவெளி என்று எல்லாப் பக்கமும் போனது, எல்லாச் சமயத்தவரும் போனார்கள். இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேல். வட்டத்தில் இருக்கிற பலர் அப்போது தொட்டிலில், சிலர் பிறக்கவேயில்லை. ஆனால் எல்லார் வீட்டுச் சுவரிலும் மாலை போட்ட ஒரு படமாவது இருக்கிறது.

தண்டனை என்றால் தொட்டிலில் கிடந்தது என்ன பாவம் செய்தது? நம்பாதவர்கள் பக்கத்தில் இதுதான் எப்போதும் வருகிற கேள்வி. புறநானூற்றில் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் கல்யாண முழவும் ஒரே நேரத்தில் ஒலிப்பதைக் கேட்டு, இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்கிறார். 1755 நவம்பர் 1ஆம் திகதி, புனிதர் எல்லாரின் திருநாளில், சனங்கள் தேவாலயத்தில் இருந்த நேரம் லிஸ்பன் நகரம் அதிர்ந்து விழுந்தபோது ஐரோப்பாவிலும் இதையே கேட்டார்கள்.

விதிப்படி மற்றப் பக்கத்தையும் சொல்கிறேன், அவர்கள் ஒத்துக்கொண்ட வடிவத்தில். சைவப் பிள்ளை: வினை என்பது கோபக்காரர் போடுகிற தண்டனை இல்லை, ஓர் உயிரின் கணக்கு ஒரு பிறவியோடு முடிவதில்லை. முஸ்லிம் தம்பி: உலகம் சோதனைக்களம், கூலி இங்கே முடிவாவதில்லை, அலையில் போனவர் குற்றவாளி என்று சொல்ல எவருக்கும் அதிகாரமில்லை. கத்தோலிக்கத் தங்கச்சி: ஏன் என்று எனக்குத் தெரியாது, ஆனால் சிலுவையில் தொங்குகிறவர் வெளியே நின்று பார்க்கிறவர் இல்லை. எனக்கு இவை போதவில்லை. ஆனால் கவனியுங்கள், 'பாவத்துக்குத் தண்டனை' என்பதை மூன்று பேருமே ஏற்கவில்லை. உங்கள் ஐயாவிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

சாமிப் பயம் இல்லாட்டி களவெடுக்க, பொய் சொல்ல என்ன தடை?

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் கோழியைப் பிடிக்காமல் இருப்பதற்கு நரகப் பயம் ஒன்றுதான் காரணமா? ஒன்று யோசியுங்கள்: களவு கெட்டது என்பதால் கடவுள் விலக்கினாரா, கடவுள் விலக்கியதால் கெட்டதா? முதலாவது என்றால் கெட்டது என்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. இரண்டாவது என்றால் நாளை விலக்கை எடுத்தால் நல்லதாகிவிடுமா? கடவுளின் இயல்பே நன்மை, அதனால் அந்தப் பிரிப்பே பிழை என்று ஒரு மௌலவி எனக்குப் பதில் சொன்னார். நல்ல பதில். இன்னும் அதோடு மல்லுக்கட்டுகிறேன்.

நம்பி வைச்சா நட்டமில்லையே. இருந்தா சொர்க்கம், இல்லாட்டி ஒண்டும் போகாது.

இதை 17ஆம் நூற்றாண்டில் பஸ்கால் என்ற பிரெஞ்சுக் கணிதர் பந்தயமாகவே எழுதிவைத்தார். இந்த ஊரில் அதில் உள்ள சிக்கல் உடனே தெரியும்: எந்தக் கடவுள்மீது கட்டுவது? கோவில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை நாலும் ஒரு நடை தூரம். பிறந்த சமயத்தில் கட்டுவோம் என்றால், நகருக்கு வெளியே வெல்கம் விகாரைக்குப் போய்ப் பாருங்கள். சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி அது, அங்குள்ள கல்வெட்டுகள் தமிழில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் நீங்களும் அங்கே விளக்கு வைத்திருப்பீர்கள்.

பொலிஸ் பிரச்சினை வராதோ?

அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. 10ஆம் உறுப்புரை எல்லாருக்கும் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம் தருகிறது. பேசுவதும் கூடுவதும் 14ஆம் உறுப்புரை. பேச்சுரிமைக்குச் சட்டத்தால் கட்டுப்பாடு போடலாம், 10ஆம் உறுப்புரைக்கு அப்படிப் போட முடியாது. அதாவது நம்பாமல் இருப்பது குற்றமில்லை.

சொல்கிற விதத்தில்தான் கவனம் வேண்டும். வேண்டுமென்றே மத உணர்வைப் புண்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையின் 291அ, 291ஆ பிரிவுகளில் குற்றம். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. அந்தச் சட்டம் எப்படிப் பயன்பட்டது என்றும் தெரிந்திருங்கள்: 2019 ஏப்ரலில் ஷக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காகக் கைதாகி, ஆகஸ்டில்தான் பிணையில் வந்தார். அதனால் வட்டத்தில் பேசுவதை யாரும் பதிவு செய்வதில்லை, துண்டு துண்டாக வெட்டி ஸ்டேட்டஸில் போடுவதும் இல்லை. மண்டபம் தருவதாகச் சொன்ன ஓர் இடம் கடைசி நாளில் கையை விரித்ததும் இந்தப் பயத்தால்தான். கடற்கரைக்குப் போனோம், காற்றாவது கிடைத்தது.

நான் முஸ்லிம். நம்பிக்கை இல்லை எண்டு வாப்பாவுக்குத் தெரிஞ்சா வீட்டில இருக்கேலாது. எனக்கு என்ன பாதுகாப்பு?

பெரிய பாதுகாப்பு எதுவும் எங்களால் தர முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரக்கூடியது இவ்வளவு: பெயர்ப் பட்டியல் இல்லை, படம் எடுப்பதில்லை, நீங்கள் என்ன நம்புகிறீர்கள் என்று யாரும் கேட்கக்கூடாது. பேச விருப்பமில்லை என்றால் கேள்வியைச் சீட்டில் எழுதிப் பால்மா ரின்னுக்குள் போடுங்கள், வேறொருவர் வாசிப்பார். நல்ல கேள்விகள் பாதி அந்த ரின்னில் இருந்துதான் வருகின்றன.

இதே கேள்வியை ஒரு போதகரின் மகனும் ஒரு கோவில் தர்மகர்த்தாவின் மகளும் கேட்டார்கள். மூன்று பேருக்கும் என் பதில் ஒன்று: வீட்டில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. சாப்பாடும் படிப்பும் வீட்டுக் காசில் நடக்கும்போது வீரம் காட்ட வேண்டாம்.

சாதாரண தரத்தில சமயம் கட்டாயப் பாடம். நம்பாதவன் என்னத்தை எழுதுறது?

கேட்டதற்குப் பாடப்புத்தகத்தில் உள்ள பதிலை எழுதுங்கள். ஒரு சமயம் என்ன சொல்கிறது என்று எழுதுவது பொய் இல்லை, அது பரபக்கம். நான் ஏ எடுத்தனான்.

இவ்வளவு பேசி ஆராவது மாறினவையோ?

ஒருவன் கும்பிடுவதை விட்டான். ஒருத்தி விட்டிருந்த தேவாலயத்துக்குத் திரும்பப் போகத் தொடங்கினாள். மற்றவர்கள் வந்தபடியே இருக்கிறார்கள், வாதம் மட்டும் கூராகியிருக்கிறது. திருநீற்றுத் தம்பியும் வெள்ளை அடித்தவனும் இப்போது ஒரே மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள்.

அதெல்லாம் சரி. உங்கட அப்பா அம்மா செத்தா கொள்ளி வைப்பீங்களோ?

கேலியாகவும் கேட்டிருக்கிறார்கள், உண்மையாகவும் கேட்டிருக்கிறார்கள். முன்னே சொன்ன ஆதர் கிளார்க், 2008இல் இறந்தபோது எந்த மதச் சடங்கும் வேண்டாம் என்று எழுதிவைத்திருந்தார், அப்படியே அடக்கம் செய்தார்கள். கோவூர் தன் உடலை மருத்துவ மாணவர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் தங்கள் சாவுக்குத் தாங்களே எழுதினார்கள். என் அப்பா அப்படி ஒன்றும் எழுதவில்லை. தேவாரம் பாடச் சொன்னார், கன்னியாவில் அந்தியேட்டி செய்யச் சொன்னார்.

செய்தேன். கொள்ளி வைத்தேன், முப்பத்தோராம் நாள் கன்னியாவுக்குப் போய் ஏழு கிணற்றிலும் அள்ளி ஊற்றினேன். தண்ணீர் ஏன் சூடு என்று எனக்குத் தெரியும், மேலே எழுதியும் இருக்கிறேன். ஐயர் சொன்ன மந்திரத்தில் ஒன்றையும் நான் நம்பவில்லை. நாலாவது கிணற்றடியில் அழுதேன். "நம்பாதவன் ஏன் செய்தாய்?" என்று வட்டத்தில் கேட்டார்கள். சடங்கு அப்பாவுடையது என்றேன். அது போதாது, நடிப்பு என்று ஒரு தங்கச்சி சொன்னாள். அவள் பக்கத்தை நான் சொல்லிக் காட்டி, அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அதுதான் பேச்சு.